சோலைமுத்து வளர்த்த முள்காடு

எட்டயபுரத்துக்கு மேற்கே, கரிசல் முடிந்து சரளை தொடங்கும் மேட்டுக்காட்டுக்கு வனத்துறை வாட்சர் சோலைமுத்து. அங்கே முப்பத்தொரு வெளிமான்கள் மேய்ந்தன. முறுக்குக் கொம்புக் கிடா ஒன்று கண்ணில் பட்டால் போதும், மனுஷன் பெண்டாட்டி பேச்சைக்கூட மறந்துவிடுவார். அந்த ஆவுடைத்தாயோ வாயைத் திறந்தால் லேசில் மூடுகிறவள் இல்லை.

எழுபத்துநாலில் மழை பொய்த்தது. பொட்டல் வெயிலில் மான்கள் நிற்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒதுங்க நிழல் வேண்டாமா? அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து சீமைக்கருவை விதை மூட்டை வந்தது. குழி போட்டு ஊன்றினார், ஒன்றுகூட முளைக்கவில்லை. வேறு ஆளென்றால் விட்டுத்தொலைத்திருப்பான். இவர் ஆட்டுக்காரர் சங்கரபாண்டியைப் பிடித்து, முந்நூறு ஆடுகளுக்கும் சீமைக்கருவையின் காய்ந்த நெத்துக்காயைத் தின்னக் கொடுத்து, புஞ்சைக்கு உரம் சேர்க்கக் கிடை போடுவதுபோல மேடு முழுக்க மாற்றி மாற்றிக் கிடை போடச் சொன்னார். ஆட்டு வயிற்றில் ஊறிப் புழுக்கையோடு விழுந்த விதை அடுத்த ஐப்பசி மழைக்குப் பச்சைப்பசேலென்று கிளம்பியது. ரேஞ்சர் தோளில் தட்டிக்கொடுத்தார். சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு வருஷத்தில் மேடு முள்காடானது. புல் அடியோடு போயிற்று. வெளிமானுக்குக் கண்ணும் காலும்தான் காவல். பொட்டலில், விரட்ட வரும் ஊர்நாயை அரை மைலுக்கு அப்பாலேயே பார்த்து ஓடிவிடும். புதருக்குள் நாய் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்; கிடாவுக்குக் கொம்பு வேறு மாட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் மானோடு கிடந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். நிழல், நிழல் என்று அலைந்த புத்தி அதை யோசிக்கவே இல்லை.

ஒரு மாசி மாதக் காலையில், நாய்கள் கிழித்துப் போட்டிருந்த சினைமானைப் பார்த்தார். அதோடு சேர்த்து அந்த வருஷம் பதினொன்று. வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"நாயி என்ன செய்யும்? கொன்னது நாந்தாம்ட்டி," என்றார். ஆவுடைத்தாய் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள்.

முள்ளை வெட்ட அனுமதி கேட்டார். இவ்வளவு நன்றாக வந்த நடவு வேறெங்கும் இல்லை, தொடக்கூடாது என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். மான்கள் ஓட ஒரு பாதையாவது இருக்கட்டும் என்று சோலைமுத்து கோடாரியைத் தூக்கினார். ஐந்தாம் நாள் வேலை போயிற்று.

வேலை போனபிறகும் வெட்டுவதை விடவில்லை. வெட்டிய கட்டை நாலாய்த் துளிர்த்தது, வேரோடு தோண்டினார். உள்ளங்கையெல்லாம் முள் ஏறிச் சீழ் வைத்தது.

"கேஸ் போட்ருவாவ, அண்ணாச்சி," என்றார் சங்கரபாண்டி.

"போடட்டும். மானு ஓட வழி வேணும்லா."

கார்த்திகைக்குள் பாதை ஒரு பர்லாங் நீண்டது. மழைக்குப் புல்லும் தலைகாட்டியது. ஒரு விடியலில் ஏழு மான்கள் அதில் இறங்கி மேய்ந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை மறந்து ஓரடி முன்னால் வைத்தார். மான்கள் தலை தூக்கின. கோடாரியோடு நின்ற ஆளைக் கண்டதும், அவர் வெட்டிக்கொடுத்த பாதையை விட்டு முள்ளுக்குள் பாய்ந்து மறைந்தன.