முதல்வரிடம் சேம்பிள் கேட்ட தெய்வாத்தாள் அக்கா

தெய்வாத்தாள் அக்கா இறந்த செய்தி நம் வகுப்பு வாட்ஸப் குழுவில்தான் எனக்குக் கிடைத்தது. அக்காவின் போனிலிருந்து அவருடைய மருமகள் போட்டிருந்தார். நெஞ்சு வலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, சாயங்காலம் எடுக்கிறோம். அதைப் படித்த பதற்றத்தில் நம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டாள். பிறகு அதை அழித்து, மன்னிப்புக் கேட்டு, மற்றவர்கள் அவளைத் திட்டி, வேறு சிலர் சமாதானம் செய்து, கொஞ்ச நேரம் அக்காவையே எல்லோரும் மறந்துபோனோம். அக்கா இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கு நடுவே தன் சிரிப்பைப் பதிவு செய்து அனுப்பியிருப்பார். டைப் அடிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

அவரோடு படித்த உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். நாங்கள் கல்லூரியில் சேர்ந்த கதை என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் அவருடைய தையல் யூனிட். நான் ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். கணவருடைய நிட்டிங் யூனிட்டில் கணக்கு முழுவதும் என் கையில்தான். ஆனால் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான் போனால், “சாரை வரச் சொல்லுங்கம்மா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருநாளாவது அந்த ஆடிட்டருக்கு எதிரே உட்கார்ந்து என் கணக்கை நானே பேச வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான், பெருமாநல்லூர் பக்கம் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் மாலை நேர பி.காம். இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தனியாகப் போகக் கூச்சப்பட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். துணைக்கு வந்தவர் தானும் சேர்வதாகச் சொன்னார்.

“பையன் யூனிட்டப் பாத்துக்கறான் அம்மிணி. நான் அங்க போனா அவனுக்குப் பிரஷர் ஏறுது. எங்கியாச்சும் போயி உக்காரோணுமல்ல?”

அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

முதல்வர் மெலிந்த, சாதுவான மனிதர். கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தை எங்கள்முன் விரித்தார். அதில் புல்வெளியும் நீரூற்றும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஜல்லிக் குவியல் இருந்தது. அக்கா பக்கங்களைப் புரட்டிவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

“கேட்லாக் நல்லாருக்குதுங்க. சேம்பிள் பாக்கலாமுங்களா?”

“சேம்பிளுங்களா?”

“ஒரு கிளாஸ் நடத்திக் காட்டுங்க. புடிச்சுதுன்னா ஆர்டர் போட்டர்றமுங்க. சேம்பிள் பாக்காம நான் பட்டன்கூட வாங்குனதில்லீங்க.”

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்வர் மணியடித்து காமர்ஸ் ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் அன்று விடுப்பு. அக்கா எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் முதல்வரே எங்களைப் பக்கத்து வகுப்பறைக்கு அழைத்துப்போய்ச் சாக்பீஸை எடுத்தார். அவர் படித்தது விலங்கியல். எனவே தவளையின் இதயத்தை வரைந்தார். சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக நடத்தினார். தொடக்கத்தில் தயங்கிய குரல் போகப்போக வகுப்பு நிரம்பிய குரலானது.

“மூணே ரூமுதானுங்களா அதுக்கு?” என்றார் அக்கா. “நமக்கு?”

“நாலுங்க.”

“பாவம், ஒண்டுக் குடித்தனம்.”

முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பி, “அப்ரூவ்டு” என்றார். சேர்ந்துவிட்டோம்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, “அக்கா, நாம படிக்கப்போறது காமர்ஸுங்க” என்றேன்.

“தெரியாதா எனக்கு? சேம்பிள்ல கலரா முக்கியம்? தையலப் பாக்கோணும். தவளைய இப்பிடி நடத்தறவரு கணக்க உட்டுருவாரா?”

படித்து முடிக்கிற வரைக்கும் முதல்வர் எங்கள் வகுப்புப் பக்கமே வரவில்லை. சேம்பிளை ஒருவர் தைப்பார், பல்க், அதாவது மொத்தச் சரக்கு, வேறு கையில் போகும் என்பது திருப்பூரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா அதைக் கல்லூரியில் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். வந்தவர் பிரபு சார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், அக்காவின் மகனைவிடச் சின்னவர். புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிப்பார். அக்கா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போனார்.

“ஏனுங்க, பல்க் சேம்பிள் மாதிரி வல்லீங்களே?”

முதல்வர் என்ன சொன்னாரோ, மறுநாளிலிருந்து பிரபு சார் எல்லாவற்றுக்கும் படம் போட ஆரம்பித்தார். தேய்மானத்துக்கு ஒரு லாரி. வாராக் கடனுக்கு, ஓடுகிற ஒரு மனிதன். அந்த மனிதனைப் பார்த்து, “இவன எனக்குத் தெரியுமுங்க, கண்ணு” என்று அக்கா சொன்னதும் வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது நினைவிருக்கிறதா? சார் முகம் சிவந்து, “சார்னு கூப்பிடுங்க” என்றார். “சரிங்க, கண்ணு சார்” என்றார் அக்கா. அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. இன்று அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார்.

இரண்டாம் வருடம் என் மாமியாருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே நேரத்தில் ஒரு ஷிப்மென்ட் அவசரம். ஒரு மாதத்துக்கு மேல் நான் வகுப்புக்குப் போகவில்லை. தேர்வு ஒன்று போய்விட்டது. இனி எந்த முகத்தோடு போவது என்று நின்றுவிட முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் ஸ்கூட்டர் எங்கள் வாசலில் வந்து நின்றது.

“முடியலீன்னா உட்டறட்டுமுங்கக்கா. எதுக்குங்க அவளுக்குச் சிரமம்?” என்றார் என் கணவர். அன்பாகத்தான் சொன்னார்.

“ஏந் தம்பி, உங்க மெசினு ஒரு மாசம் ரிப்பேர்ல கெடந்தா காயலாங்கடைக்கா போடறீங்க?”

அவர் உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

கல்லூரிப் படியேறும்போது என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, “என்ன அம்மிணி, மந்திரமா?” என்றார் அக்கா.

“சார்கிட்டச் சொல்லறதுக்குக் காரணமுங்கக்கா. ஆபரேஷன், ஷிப்மென்ட்...”

“வராத கதைய எதுக்கு அவருகிட்டச் சொல்லற? வந்தாச்சல்ல. வந்துட்டனுங்கன்னு சொல்லு, போதும்.”

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். “இத்தனை நாளா ஏன் வரலீங்க?” என்றார் பிரபு சார்.

“வந்துட்டனுங்க சார்.”

எனக்குப் பின்னாலிருந்து, “நானும் வந்துட்டனுங்க, கண்ணு சார்” என்று குரல் வந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் சாரும் சிரித்துவிட்டார். “உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பயந்தது நடந்து முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது.

நான் தேறிவிட்டேன். அக்காவுக்கு ஆங்கிலம் மட்டும் நின்றுபோனது. அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை. “ரிஜெக்ட் இல்ல அம்மிணி, ஆல்டருக்குப் போயிருக்குது” என்பார், தையல் பிசகிய துணியைத் திருத்த அனுப்பியதுபோல. ஒவ்வொரு முறையும் எழுதினார். ஒவ்வொரு முறையும் அது ஆல்டருக்கே போனது.

இறந்த அன்று அவருடைய மகன் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். “அக்கா, அம்மா பேருக்குப் பக்கத்துல பி.காம். போடலாமுங்களா?”

“இன்னும் ஒரு பேப்பர் பாக்கி இருக்குதுங்க தம்பி.”

மெசின் சத்தத்துக்கு நடுவே அவர் கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். பிறகு, “அப்ப மாணவின்னு போட்டுக்கறனுங்க” என்றார். நல்லூர் முக்கில் வைத்த ஃபிளெக்ஸில் பட்டுச்சேலை கட்டி, கண்ணாடி போட்டு, ‘பி.காம். மாணவி’ என்று அக்கா நின்றார். வண்டியில் போகிறவர்கள் வேகம் குறைத்துப் படித்தார்கள். “பொண்ணு போட்டோவுக்குப் பதிலா அம்மா போட்டோவப் போட்டுட்டாங்களாட்ட இருக்குது” என்று ஒருவர் வருத்தப்பட்டதை நானே கேட்டேன். துக்க வீட்டுக்குள் நுழையும்போது சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கல்லூரிப் படியில் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சொல்தான். சான்றிதழ் வந்த பிறகு ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். “சார் வரலீங்களா?” என்றார்கள். அவருக்குக் காய்ச்சல், வண்டி சரியில்லை என்று வரிசையாகக் காரணங்கள் நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கிவிட்டேன். “நான் வந்துட்டனுங்க” என்று சொல்லி, உள்ளே போய், ஆடிட்டருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தரையில் அது பெரிய சத்தம் போட்டது. போட்டால் போடட்டும் என்று உட்கார்ந்தேன்.