தொட்டி என்று சொன்னவள்

ரபாத் ஊரில் எங்கே தோண்டினாலும் பழங்காலத்தில் புதைத்த யாராவது படுத்திருப்பார்கள். அது மால்டாவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் எல்லாருக்கும் பழக்கம். தகவல் கொடுத்தால் அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்திவிடுவார்கள், மாதக்கணக்கில் நிற்கும்.

டோரியெட்டின் அண்ணன் சேவர் கல்யாணத்துக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தான். கார் நிறுத்த அடியில் பாறையை உடைத்தபோது ஓர் ஓட்டை விழுந்தது. அப்பா நென்னு வேலையை நிறுத்தச் சொல்லி, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கும் மகளை வரவழைத்தார். ஏதாவது இருந்தால் சொல்லிவிடுவோம், கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்றார். சேவர் தங்கையையே பார்த்தான்.

அவள் விளக்குடன் இறங்கினாள். பாறையிலேயே செதுக்கிய தலையணை, உள்ளங்கை அகலம். அதன்மேல் ஒரு குழந்தையின் மண்டை ஓடு. பக்கத்தில் சின்னக் கிண்ணம். இந்த மாதிரிக் கல்லறைகளைப் பற்றித்தான் போன தேர்வில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள்.

மேலே வந்து, "பழைய தண்ணித் தொட்டிப்பா. ஒண்ணுமில்ல" என்றாள்.

மறுநாளே கான்கிரீட் கொட்டினார்கள். கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. என் மகளே இறங்கிப் பார்த்தாள் என்று நென்னு விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் எலும்புகளின் படம் திரையில் வந்தால் டோரியெட் குனிந்துகொள்வாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் கார் நிற்கும் தரையில் கால் வைக்க மாட்டாள்.

நவம்பர் வந்தது, இறந்தவர்களின் மாதம். சேவர் கடையிலிருந்து அந்த மாதத்தில் விற்கும் எலும்பு வடிவப் பாதாம் இனிப்பு வாங்கி வந்து அவள் முன்னால் நீட்டினான்.

"எலும்பு டாக்டரம்மா, இது காலா கையா, பாத்துச் சொல்லு."

அவன் மனைவி சிரித்தாள். டோரியெட் அதை வாங்கித் தட்டிலேயே வைத்தாள்.

அம்மாவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவள் இரண்டு மெழுகுவர்த்திகள் வாங்கினாள். அம்மாவுக்கு ஒன்று போதுமே என்றார் நென்னு. அதற்கு அவளால் பொய் சொல்ல முடியவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சின்னதா?"

"நடக்கப் பழகுற வயசு இருக்கும்பா."

"நீ சொன்னேன்னுதான் நான் நிம்மதியாக் கொட்டினேன்" என்றார். இதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பும்போது நேராக சேவர் வீட்டுக்குப் போய், காரை வெளியே எடுக்கச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். எண்ணெய்க் கறை படிந்த தரையில் நென்னு இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார்.

"இங்க எதுக்குப்பா? யாருக்கு?" என்றான் சேவர்.

"உன் தங்கச்சியைக் கேளு."

அண்ணன் திரும்பினான். ஓட்டை விழுந்த அன்று பார்த்த அதே பார்வை.

"அது தொட்டி இல்லண்ணா" என்றாள்.