லிங்கி பஸ் நின்ற பத்து நிமிடம்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு மீன் வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் ஏணி இரவல் கேட்கப்போகிறார் என்று நினைப்பேன். "நீங்க போலீஸுக்குப் போயிருக்கணும், தப்பா இங்க வந்துட்டீங்க" என்பாள் மனைவி. பஸ் கம்பெனி மேனேஜருக்கு இந்தக் குணம் பிடித்துப்போனது. அதனால்தான் வட்டத் தாள்கள் என் மேசைக்கு வந்தன.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிரம்பான் டிப்போவில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் பஸ்களில் வேகம் காட்டும் முள்ளுக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். டிரைவர் தினமும் காலையில் அதற்குள் ஒரு வட்டத் தாளை மாட்ட வேண்டும். ஊசி நாள் முழுக்க அதில் கீறிக்கொண்டே இருக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தூரம் போய் நின்றார், எத்தனை நிமிடம் நின்றார், எல்லாம் அந்தக் கீறலில் தெரிந்துவிடும். வீணாக நிற்பதைக் குறைத்தால் டீசல் மிச்சம், இருக்கிற பஸ்களை வைத்தே கூடுதலாக ஓடலாம் என்பது மேனேஜரின் கணக்கு.

"கம்பெனி நமக்குப் பொண்ணு பாக்குது லா, அதான் ஜாதகம் எழுதுறாங்க" என்று டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

லிங்கியிலிருந்து வரும் முதல் பஸ் அகப்பட்டது. சரியாக ஆறு பத்துக்கு ஒரு ரப்பர் தோட்டத்துச் சந்தியில் நிற்கிறது. ஆறு இருபதுக்குத்தான் நகர்கிறது. தினமும் இதே கதை. சனி ஞாயிறு மட்டும் நிற்பதில்லை. கூட்டுக்களவாணிக்கு அன்று லீவு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். டீசலை உறிஞ்சி விற்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெரட்டு முடிஞ்சுதான் தாய்மாருங்க புள்ளைங்கள ரோட்டுக்குக் கூட்டியாருதுங்க தம்பி. காடு ஒரே இருட்டு. லைட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறேன், அவ்ளோதான்."

பெரட்டு என்பது விடிவதற்கு முன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. அதை எனக்கே சொல்கிறாரா! புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பெரட்டு ஐந்தரைக்கு. ஐந்தே முக்காலுக்குக் களம் காலியாகிவிடும்.

"தோட்டத்துக்காரன்கிட்டயே கத விடுறீங்களாண்ணே?"

"நீங்க தோட்டத்த வுட்டு எத்தன வருசமாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

பேச்சை மாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த அறிக்கை அவருடைய வேலைக்கு உலை வைக்கும் என்று தெரிந்தே எழுதினேன். அடுத்த வாரம் அவரை டிப்போவில் பஸ் கழுவ விட்டார்கள். மாதம் முடிவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார்.

புது டிரைவரின் தாளில் ஆறு பத்து நிறுத்தம் அடியோடு மறைந்தது. மேனேஜர் "பாகுஸ்!" என்று என் முதுகில் தட்டினார். ஆனால் டிக்கெட் கணக்கில் அந்தச் சந்தியில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளும் பாதியாகக் குறைந்திருந்தார்கள். உடனே கண்டக்டர் மேல் சந்தேகம் வந்தது. டிக்கெட் கிழிக்காமல் ஏற்றுகிறான் என்று, கையும் களவுமாகப் பிடிக்க லிங்கிக்கே போய் அந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஆறு பத்து. சந்தியில் ஒருவரும் இல்லை. பஸ் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பால்மரங்களுக்கு நடுவே நாலைந்து விளக்குகள் ஓடி வந்தன. மணியை அடித்தேன்.

"நிறுத்து லா! ஆளு வருது!"

"தாள்ல வுழுந்துடும் கிராணி" என்றான் புது டிரைவர். "நீங்கதான பாக்குறீங்க?"

நான் போட்ட சத்தத்தில் ஒருவழியாக நிறுத்தினான். இறங்கி நடந்தேன். நெற்றியில் விளக்குக் கட்டிய பெண்கள், பக்கத்தில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். முன்னால் நின்ற அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் கையைப் பிடித்திருந்த மகள் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிப்பவள்.

"பெரட்டு எத்தன மணிக்கும்மா?" என்றேன்.

"ஆறு மணிக்குங்க. கவர்மெண்டுல கடியாரத்த அரமணி முன்னால தள்ளி வெச்சாங்கல்ல? சூரியனத் தள்ள முடியுமா? மரத்தச் சீவிப் பால் எடுக்க வெளிச்சம் வேணும்ல. அதான் பழைய அஞ்சரை இப்ப ஆறு. ஒங்க பஸ்ஸு மட்டும் அதே ஆறு பத்துக்கு வந்து நிக்கிது. முந்தி இருந்த அண்ணன் காத்திருப்பாரு. இப்ப எம்மக பாதி நாளு பள்ளிக்கூடம் போவல, பரீட்ச வேற வருது."

கடிகாரம் மாறியபோது நான் சிரம்பானில் இருந்தேன். டவுனில் மணியை மாற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். என் தலைக்குள் மட்டும் பெரட்டு அதே ஐந்தரைக்கே நின்றுபோயிருந்தது. அந்தப் பழைய டிரைவர் பொய் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன், ஜொகூர் பக்கம் லாரி ஓட்டுகிறார் என்றார்கள். அதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை.

லிங்கியிலிருந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் சந்தியில் காத்திருக்கவே வேண்டாம், டீசலும் மிச்சம் என்று மேனேஜருக்கு எழுதினேன். டீசல் என்றதும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் புது நேர அட்டவணை வர இரண்டு மாதம் ஆனது.

அட்டவணை மாறிய முதல் நாள் நானும் அந்த பஸ்ஸில் போனேன். ஆறு இருபதுக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றிவிட வந்திருந்தார். கொஞ்சம் பெருமையோடுதான் கேட்டேன்.

"ஒங்க மக எங்கம்மா, ஏறிட்டாளா?"

"அவளும் இப்ப தெனம் பெரட்டுல நிக்கிறா கிராணி. போன மாசம் தோட்ட வேலைக்குப் பேரு குடுத்துட்டோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நெற்றி விளக்கைச் சரிசெய்துகொண்டு காட்டுக்குள் நடந்தார். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

மறுநாள் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.