நைனா இறுக்கிய கிளட்ச்

எங்கள் நைனாவுக்குத் தொய்ந்து கிடக்கும் எதுவும் ஆகாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கயிற்றுக் கட்டில் கொஞ்சம் குழிந்தால் போதும், சுவரில் காலை உதைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டுவார். கடைசியில் கட்டிலின் ஒரு கால் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். துணி காயப்போடும் கொடி விண்ணென்று இருக்கும். ஈரப் புடவையைப் போட்டதும் அறுந்து, புடவை சாணியில் விழும். என் அரைஞாண் கயிற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அது பதிந்த தடத்தைக் காட்டி அம்மா ஊருக்கெல்லாம் சொல்லுவாள். கவலை ஏற்றம் ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். கிணற்றிலிருந்து எருதுகள் தண்ணீர்ச் சால் இழுத்து வரும்போது வடம் தொய்ந்தால் தண்ணீர் பாதி வழியில் கொட்டிவிடும். தொய்வு என்றாலே நஷ்டம் என்பது அவர் உடம்பில் ஊறிப் போயிருந்தது.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கார் வந்து சேர்ந்தது.

மூக்கண்டப்பள்ளியில் இன்றைக்குக் கம்பெனிச் சுவர்கள் நிற்கும் இடமெல்லாம் அன்றைக்குக் கேழ்வரகுக் கொல்லைகள். காரை ஒரு மாட்டு வண்டிக்காரன் வைத்துக்கொள்ள நினைப்பது அந்த ஊரில் பைத்தியக்காரத்தனம். நைனா எருதுகளை விற்றார், கூட மேட்டு நிலத்தில் ஒரு துண்டையும் விற்றார், பெங்களூருக்குப் போய் யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாண மாதங்களில் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்பது கணக்கு. கூரை தார்ப்பாய்த் துணி. ஒரு கதவு மூடாது. அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"வாயில்லா சீவன் ரெண்டும் வைக்கோலத் தின்னுட்டு உழுதுச்சிங்க. இது பெட்ரோலையும் குடிச்சிட்டு, எறங்கித் தள்ளுன்னும் சொல்லுது" என்றாள் அம்மா. அதில் கால் வைக்க மாட்டேன் என்று மாரியம்மன் பேரில் சத்தியமும் செய்துவிட்டாள்.

விற்றவருடைய டிரைவர் சில நாள் கூட இருந்து நைனாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். இடது காலுக்குக் கீழே இருக்கும் கிளட்ச் பெடலை மிதித்தால் எஞ்சினும் சக்கரமும் பிரிந்துவிடும், விட்டால் சேர்ந்துகொள்ளும். இதுவரை நைனாவுக்குப் புரிந்தது. ஆனால் அந்த பெடலை மிதிக்கத் தொடங்கும்போது, முதல் இரண்டு விரற்கடை தூரம் எந்தக் கனமும் இல்லாமல் சும்மா உள்ளே போகும். அதற்குப் பிறகுதான் காலுக்குப் பிடிப்புத் தெரியும். டிரைவர் பஸ் ஏறிப் போகும்வரை பொறுத்திருந்த நைனா, அன்றைக்கே ஸ்பேனரை எடுத்தார்.

"பாத்தியாடா, எப்பிடி தொளதொளன்னு கெடக்குது! பெங்களூர்க்காரனுக்கு வண்டி வச்சிக்கத் தெரியுமா?"

புங்கமரத்தடியில் காரை நிறுத்தி, நைனா சாக்கு விரித்து அடியில் படுத்துக்கொள்வார். பெடலிலிருந்து போகும் கம்பியின் முனையில் ஒரு நட்டு, அது நகராமல் பூட்டிப் பிடிக்க இன்னொரு நட்டு. மேலே நான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, நின்றபடியே மிதிக்க வேண்டும்.

"மிதி."

மிதித்தேன்.

"வுடு."

விட்டேன்.

"இன்னும் ஆடுது. மிதி. டேய், மேல என்ன தூங்கறியா?"

வெயில் ஏறி, இறங்கி, கோழிகள் கூட்டுக்குள் போகும்வரை இதே வேலை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருமுறை சொன்னதை இரண்டாம்முறை சொல்ல மாட்டார். நைனாவோ மிதி, வுடு என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடுவார். "உங்க நைனாவ வெளிய வரச் சொல்லுடா, களி கல்லாப் போச்சி" என்று அம்மா கத்துவாள். காருக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் ஆடும். கடைசியில் பெடலில் சும்மா போகிற இடம் மயிரிழைகூட இல்லாமல் போயிற்று. விரல் வைத்தாலே விறைப்பாக நின்றது. நைனா எழுந்து வந்து, நெற்றி மசியைத் துடைத்துக்கொண்டு, நிலத்தை உழுது முடித்தவர் மாதிரி பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவை அழைத்து வரவேண்டி வந்தது.

அக்காவைக் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், போச்சம்பள்ளி போகிற வழியில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். அடுத்த மாதம் இரட்டைப்படை, அனுப்ப மாட்டார்கள். ஒன்பதாம் மாதத்தில் அவ்வளவு தூரம் கூட்டி வருவது ஆகாது. ஆகவே இப்போது விட்டால் பிரசவம் அங்கேயேதான். அக்காவின் மாமியாரிடமிருந்து ஆள் மூலமாகச் செய்தி வந்தது: பஸ்ஸில் எல்லாம் தூக்கிப் போட்டுக்கொண்டு அனுப்ப முடியாது, சம்பந்திதான் கார் வைத்திருக்கிறாராமே, அதில் வந்து கூட்டிப் போகட்டும். கார் வராது என்ற நம்பிக்கையில் சொன்னது அது. நைனாவுக்கு அது அழைப்பிதழாகப் பட்டது.

அம்மா சத்தியத்தை விடவில்லை. பிள்ளை பெறும் அறையை மெழுகிவைக்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். நைனாவும் நானும் போனோம். போகும்போது வழி முழுக்க இறக்கம். கார் குதிரை மாதிரி ஓடியது. "இழுத்துக் கட்டினதுல எப்பிடிப் போவுது பாரு" என்று மைலுக்கு ஒருதரம் சொன்னார்.

மாமியார் காரை ஒருமுறை சுற்றி வந்தாள். "இதுதானா? தகரக் கொட்டாய்க்குச் சக்கரம் வச்சாப்புல இல்ல இருக்குது?" என்றாள். அக்கா அதற்குள் தயாராக வாசலில் நின்றாள். பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டி, சுற்றிலும் கயிறு போட்டுக் கட்டியது. அதை நைனாவும் நானும் தூக்கிக் காரின் பின்பக்கம் வைப்பதற்குள் எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

"இன்னாக்கா இதுல, ஆட்டுக்கல்லா?"

"பொடவடா" என்றாள் அக்கா.

காரில் ஏறும் நேரத்தில் மாமியாரும் ஏறிக்கொண்டாள். "நானும் வரேன். வழியில இது படுத்துக்கிச்சின்னா மருமவளத் திருப்பிக் கூட்டியாரதுக்கு ஆளு வேணும் இல்ல?"

கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. மேலுமலை ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் மட்டும் பெரிதாக அலறியது; காரோ நடக்கிற மனிதனைவிட மெதுவாகப் போயிற்று. தலைமயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். நைனா நிறுத்தினார். நான் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னார்: "பிடிப்புப் பத்தலடா."

அப்புறம் என்ன, சாக்கு, ஸ்பேனர், மிதி, வுடு. ஒரு சுற்று இறுக்கியதும் கார் கொஞ்ச தூரம் ஊர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி இறுக்கினார். இன்னும் கொஞ்ச தூரம்தான் ஊர்ந்தது. இறுக்க இறுக்க மோசமாவது எனக்கே தெரிந்தது. அதைச் சொன்னேன். "மேல இருக்கறவன் மிதிக்கற வேலையப் பாருடா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு திருவு திருவுங்க சம்பந்தி. வூட்டுக்கு நடந்தே போய்ச் சேந்துடலாம்" என்றாள் மாமியார்.

கடைசியாக இறுக்கியதற்குப் பிறகு எஞ்சின் அலறியதே தவிர, கார் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மாமியார் இறங்கி, ஒரு பாறை நிழலில் நின்று நியாயம் பேசினாள். முதலில் பெட்டியை இறக்கச் சொன்னாள். பாரம் குறைந்தால் ஏறும், பெட்டியைப் பிறகு அனுப்பிவைக்கிறேன் என்றாள். அக்கா இறங்கி வந்து பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "பொட்டி என்கூடதான் வரும்" என்றாள். அக்கா அவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசி நான் கேட்டதில்லை. புடவைக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு காலி மாட்டு வண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கி வந்தது. வண்டிக்காரர் காரைப் பார்த்து எருதுகளை நிறுத்தினார். "ஏமண்ணா, காரு அலிகிந்தா?" கார் கோபித்துக்கொண்டதா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். நைனா காரில் வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் பள்ளத்தில் இறங்கிப் போனார். மாமியார் வண்டிக்காரரிடம் போய்த் தெலுங்கில் பேரம் பேச ஆரம்பித்தாள். ஒரு பிள்ளைத்தாச்சியும் தானும், அந்தப் பெட்டியும். திரும்பி வீட்டுக்கு.

அக்கா என் தோளைப் பிடித்துக் காருக்கு அந்தப் பக்கம் இழுத்தாள்.

"டேய், நைனா அத எந்தப் பக்கமா திருவுச்சி?"

கையால் காட்டினேன்.

"திருவத் திருவ மோசமாத்தான போவுது?"

"ஆமாக்கா. சொன்னா கேக்கல."

"நீ அதுக்கு எதிர்ப்பக்கமா திருவு. போ."

"நைனா அடிக்கும்க்கா."

"நைனா அடிச்சா ஒரு அடிதாண்டா. போ."

ஒரு அடி வாங்குவதும் எனக்குத்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே அடியில் நுழைந்தேன். எல்லாம் கொதித்தது. முழங்கையில் சுட்டுக்கொண்டேன், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி, மற்றதை நைனா இத்தனை நாளாகச் சேர்த்துவைத்த இறுக்கமெல்லாம் போகிற அளவுக்குத் திருப்பினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டுப் பக்கம் குனிந்து, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். முதலில் சும்மா போய், பிறகு கனத்தது. "போதும், வா" என்றாள். அவள் முதல்முறையாகக் காரில் ஏறியதே அன்றைக்குத்தான்.

நைனா வந்து தண்ணீர் ஊற்றினார், சாமியைக் கும்பிட்டார், ஏறி உட்கார்ந்தார். அக்காவும் நானும் பின்சீட்டில் ஏறினோம். "மொதல்ல அது நவரட்டும், அப்பறம் நான் ஏறறேன்" என்றாள் மாமியார், வண்டிக்காரரின் பக்கத்தில் நின்றபடி. நைனா எஞ்சினைக் கிளப்பி, பெடலை விட்டார்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி, ஏற ஆரம்பித்தது.

"ஏறுங்க சம்பந்தியம்மா, ஓடியாங்க!" என்று நைனா கத்தினார். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடி வந்தாள்.

"நிறுத்தாதீங்க நைனா" என்றாள் அக்கா. "நிறுத்தினா மறுபடியும் போவாது."

"அவங்க..."

"வண்டிதான் இருக்குதே, வூட்டுக்குப் போயிக்குவாங்க. நீங்க ஓட்டுங்க."

மலைக்கு மேல் சமதரை வந்த பிறகு நைனா ஒருமுறை வேகத்தைக் குறைத்தார். அக்கா பின்னாலிருந்து "போங்க நைனா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சூளகிரி தாண்டியதும் நைனாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "பாத்தியாடா, கடைசியா ஒரு திருவு திருவினேனே, அதுதான்! இழுத்துக் கட்டினா எதுதான் போவாது?" நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையைத் திருகினாள். ஒசூர் வரும்வரை அந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பெடலுக்கு அந்தச் சும்மா போகிற இடம் வேண்டும், அது இல்லாவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும் என்பதெல்லாம், பின்னாளில் லாரிகளில் ஏறி ஹூப்ளி, குண்டக்கல் என்று திரிந்தபோது தெரிந்துகொண்டது.

வீட்டில் அம்மாவும் நானும் பெட்டியை உள்ளே இழுத்துப் போட்டோம். கயிற்றை அவிழ்த்து அம்மா மூடியைத் திறந்தாள். மேலே இரண்டு புடவைதான். அதற்குக் கீழே நாங்கள் சீர்வரிசையாகக் கொடுத்த குத்துவிளக்கு, பித்தளைக் குடம், தவலை, கம்பளி, கல்யாணப் புடவை, ஒரு கரண்டிகூட.

"புள்ள பெத்துக்க வந்தவளுக்குக் குத்துவிளக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். என் இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். அம்மா மூடியைச் சாத்திவிட்டு வெளியே போனாள். சொம்பில் தண்ணீர் எடுத்து, அதுவரை தொட்டே பார்க்காத அந்தக் காரின் முகத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்தாள். நைனா பூரித்துப் போனார். கிளட்ச்சைச் சரி பண்ணியவன் நான், பொட்டு காருக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள், நைனாவோடு கொல்லையில் நின்று நெடுநேரம் பேசினார்கள், அக்கா இல்லாமலேயே திரும்பிப் போனார்கள். பெட்டி அக்காவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதில் காலை இடித்துக்கொண்டு, இது எப்போதுதான் ஊருக்குப் போகும் என்று கத்துவேன். அக்காவும் குழந்தையும் படுத்துப் படுத்து அந்தக் கட்டிலின் கயிறு தொய்ந்து, நடுவில் குழிந்து, பெட்டியின் மூடியைத் தொட்டது. நைனா அதைத் தினமும் பார்த்தார், இழுத்துக் கட்டவே இல்லை. அவருக்கும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.