பிணை நிற்க ஓர் ஆள்

பினாங்குக்கு நான் இரண்டு வருட வேலைப் பாஸில் வந்தேன். தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு மின் பொறியியலாளர் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ மின்சாரமே பாதி நாள் இல்லை, அங்கே எனக்கு என்ன வேலை? எண்பதுகளின் நடுப்பகுதி அது. மனைவியையும் மூன்று வயது மகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் இருந்தது, சொன்னேன்.

பதினொரு மாதப் பயிற்சிக்காலம் முடியும்வரை குடும்பப் பேச்சை எடுக்காதே என்றது தொழிற்சாலை. முடிந்ததும் குடிநுழைவு அலுவலகத்துக்கு ஓடினேன். என் பாஸில் ஒரு வருடத்துக்குக் குறையாமல் மிச்சம் இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம், அதற்கும் இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். தொழிற்சாலை எனக்குத்தான் பிணை நிற்குமாம், என் பெண்டாட்டி பிள்ளைக்கு நிற்காதாம். கணக்குப் பார்த்தால் அந்தக் கெடு முடிய இரண்டு கிழமைதான் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் கடிதம் வந்தது. வீட்டுக் கொல்லையில் பதுங்கு குழி வெட்டியிருக்கிறார்கள், ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பிள்ளை தானே போய் அதற்குள் உட்கார்ந்துகொள்கிறாள் என்று எழுதியிருந்தாள். அழுவதில்லை, நல்ல பிள்ளை என்றும் எழுதியிருந்தாள். வேலை முடிந்து தீவுக்குத் திரும்புகிற ஃபெரியில் நின்று அதைப் படித்தேன். பக்கத்தில் நின்ற சீனர் ஒருவர் நகர்ந்து போய் நின்றார், நான் ஏதோ சத்தம் போட்டிருக்கவேண்டும்.

பினாங்கில் எனக்குத் தெரிந்த குடிமகன் யார்? கோயிலில் பழகிய ஓய்வுபெற்ற பெரிய கிளார்க் ஒருவர் இருந்தார். கிறீன் லேன் பக்கம் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அலுவலகங்களில் எல்லாம் செல்வாக்கு. என் ஆங்கிலத்தைப் புகழ்ந்து இரண்டு முறை முதுகில் தட்டியிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் இதென்ன பெரிய காரியம் என்று சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

எழுதப் போகிற கையை நிறுத்திவிட்டு, "தம்பி, எந்த ஊர்?" என்றார்.

யாழ்ப்பாணத்தான் எங்கே சந்தித்தாலும் கேட்கிற கேள்வி இது. வடதுருவத்தில் சந்தித்தாலும் கேட்பான். ஊரைச் சொன்னேன். "ஊரிலே எந்தப் பக்கம்?" சொன்னேன். "அப்பா என்ன செய்தவர்?" அதையும் சொன்னேன். அப்பா பனை ஏறினார். ஏறி இறக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அதை மறைக்கவேண்டும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. தேநீர் ருசியாக இருந்தது, மனம் இளகிப் போயிருந்தது.

பேனை மூடியைத் திருகி மூடினார். முகம் கோணவில்லை. பிணை என்றால் வயதான காலத்தில் சிக்கல், பிள்ளைகளைக் கேட்கவேண்டும், அவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள் என்று சிரித்தபடியே சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மனிதர் பிறந்தது இந்த நாட்டிலேயே, தைப்பிங்கில். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை என்று கோயிலில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் என் ஊரின் எந்த ஒழுங்கையில் யார் குடியிருப்பார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடல் கடந்து வந்தவர்கள் வேறு எதைக் கொண்டுவந்தார்களோ, இதை மறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார், தாசேக் கெலுகோர்க்காரர், ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். என்ன தம்பி, மூஞ்சி இப்படி இருக்கிறது என்று கேட்டார். கன்டீனில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் போடுறேன் லா கையெழுத்து. ஆனா என் ஐசி சிவப்பு" என்று அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "எங்கப்பா பொறந்ததும் இங்கதான், நான் பொறந்ததும் இங்கதான். எஸ்டேட்டுல யாரு தம்பி சூராட் எடுத்து வச்சாங்க?"

சூராட் என்கிற பிறப்புப் பத்திரம் இல்லாததால் அவர் குடிமகன் இல்லை, சும்மா தங்கியிருக்க அனுமதி பெற்றவர். குடிமகனுக்கு நீல அட்டை. போட விரும்பியவருக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லை, உரிமை இருந்தவருக்கு மனம் இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை. அண்ணன் தன் பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். ஒன்று சிவப்பு அட்டை, இல்லையென்றால் அரசாங்கத் தாள் என்றதும் பயம். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

கோயிலில் இன்னொரு பெயர் கிடைத்தது. புலாவ் தீக்கூஸில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை, அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். போன் செய்தேன். என் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார். அந்த ஞாயிறுக்கு அடுத்த நாள் கெடு.

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் எனக்குப் புத்தி சொன்னார். வேறு நல்ல ஊராகப் பார்த்துச் சொல்லுங்கள், யார் யாழ்ப்பாணம் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பஸ்ஸில் போகும்போதே கோயிலும் கல்லூரியும் உள்ள பெரிய ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவை வாத்தியாராக்கினேன். இறந்துபோன மனிதருக்கு வேலை மாற்றம் கொடுத்துக்கொண்டு போனேன், அவ்வளவு கேவலமாக என்னை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாயிற்றா, கொழும்புக்கு யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டார். ஊரைக் கேட்கவில்லை. இதோ கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேனையைத் திறந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கேட்காமலேயே அந்தப் பெரிய ஊரைச் சொன்னேன். அப்பா அங்கே வாத்தியாராக இருந்தவர் என்றும் சொன்னேன்.

பேனை நின்றது. முன்பு நின்ற அதே மாதிரி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், பதுங்கு குழிக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கண்ணுக்குள் வந்தாள்.

"நீர் எந்த ஊர், எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் ஆசிரியை. "கிறீன் லேனிலை இருக்கிறவர் என்ரை அண்ணன். இப்பிடி ஒரு ஆள் வருவார், கவனம் எண்டு போன கிழமையே போன் பண்ணிச் சொல்லிப்போட்டார்."

நான் எழுந்து நின்றேன். இரும் என்றார். குனிந்து கையெழுத்துப் போட்டார், அடையாள அட்டை எண்ணை எழுதினார், தன் அண்ணன் எழுதியிருக்கவேண்டிய இடம் முழுவதையும் ஆறுதலாக நிரப்பினார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "பிள்ளைக்கும் இந்தப் பொய்யைப் பழக்கிப்போடாதையும்" என்றார். வகுப்பில் சொல்வதுபோல்தான் சொன்னார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது மழைக்காலம். முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல சேலை கட்டிய அம்மா ஒருவர், எங்கடை ஆட்கள் போலக் கிடக்கு என்று சொல்லி மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஊரைச் சொன்னேன். அவர் கேட்பதற்கு முன்பே பக்கத்தையும் சொன்னேன், அப்பாவின் தொழிலையும் சொன்னேன். அந்த அம்மா பிள்ளையின் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.