எல்லை தாண்டி முந்நூறு மீட்டர்

யோர்மன் உர்தனேத்தாவுக்குப் பயம் புதிதல்ல. வெனிசுவேலாவில் பொறியியல் ஆசிரியராக வாங்கிய சம்பளம் ஓர் அட்டை முட்டைக்குக்கூடக் காணாதபோது பயந்தான். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மூன்று நாடுகளைப் பேருந்தில் கடந்து சிலிக்கு வந்தபோதும் பயந்தான். தால்கா பேருந்து நிலையத்தில் அரேப்பா என்ற சோள ரொட்டி சுட்டு விற்ற நாட்களில் போலீஸ்காரரைக் கண்டாலே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆனால் இப்போது பிடித்திருக்கிற பயம் இருக்கிறதே, அது ஆளையே தின்னும் ரகம்.

பிறகு அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மலைச்சரிவு ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டான். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு மனுப் போட்டுப் பதினான்கு மாதம். மனைவி யுஸ்பெலி, மகள், இருவரின் காகிதமும் அவனுடையதை நம்பித்தான். போன மாதம் கேட்ட கூடுதல் படிவத்தில், 'மனுப் போட்ட பிறகு நாட்டை விட்டு வெளியே போனீரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

போன வாரம் கட்டுரைக்கு வரைபடம் போட்டபோதுதான் பார்த்தான். கோடையில் அவனும் உடன் வேலை செய்யும் ரூத் கார்கமோவும் கோவேறு கழுதையில் ஏறிப்போய்ப் புதைத்த, மலையின் அசைவை அளக்கும் மூன்றாவது அதிர்வுமானி, அர்ஜென்டினாவுக்குள் முந்நூறு மீட்டரில் இருந்தது! மூடுபனியில் கெட்டிப் பாறை தேடி அலைந்தவர்களுக்கு எல்லை எங்கே ஞாபகம் வரும்?

ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். "காண்டோர் கழுகு பாஸ்போர்ட்டைக் காட்டிட்டா பறக்குது? போடா பயந்தாங்கொள்ளி!"

அவள் சிலிக்காரி, சிரிப்பாள். அவன் அந்நிய நாட்டான். கட்டுரை வந்தால் கருவி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அச்சில் வரும். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமல் எல்லை தாண்டியவன், அதை மறைத்துப் பொய் எழுதியவன் என்று ஆகிவிடும். பிறகு மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், "நானே போய்ச் சொல்லிடறேன்," என்றான் மனைவியிடம்.

"சும்மா கிடக்கிறதை ஏன் கிளறுறே? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று யுஸ்பெலி அழுதாள். அவன் கேட்காமல் போய்விட்டான்.

குடியேற்ற அலுவலகத்தில் மூன்று மணி நேர வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த பெண்மணி.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்..."

"பொறு தம்பி, முதல்ல நம்பரைச் சொல்லு." கணினியில் தட்டினாள். முகம் மலர்ந்தது. "அட, இன்னைக்குக் காலையிலதான் கையெழுத்தாகியிருக்கு! கிடைச்சிடுச்சுப்பா உனக்கு, நிரந்தரமா!" காகிதம் அச்சாகி வந்தது. "ஆமா, என்னமோ தப்புன்னியே?"

யோர்மன் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகினான்.

"ஒண்ணுமில்லைம்மா. பழைய முகவரியைக் குடுத்துட்டேன்னு நினைச்சேன்."

"இதுக்கா இப்படி வேர்க்குது?"

வெளியே வந்ததும் யுஸ்பெலியைக் கூப்பிடவில்லை. ரூத்தைக் கூப்பிட்டான்.

"கட்டுரையிலேர்ந்து அந்த மூணாவது கருவியை எடுத்துடு. காகிதம் கிடைச்சிடுச்சு, அது வெளியே தெரிஞ்சா திரும்பப் பிடுங்கிடுவாங்க."

"என்னடா உளறுறே? கெட்டிப் பாறையில நிக்கிறது அது ஒண்ணுதான். அது இல்லாம மலை நகருதுன்னு எதை வச்சுக் காட்டுவே? கீழே நாப்பது வீடு இருக்குடா. நம்ம கணக்கைப் பார்த்துத்தான் அவங்களை அப்புறப்படுத்துவாங்க!"

"தெரியும்," என்றான். காகிதத்தைச் சட்டைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தான். "எடுத்துடு, ரூத்."