நான் முந்திக்கொண்டு சொன்ன பதில்

அந்த மேடம் தேயிலை எஸ்டேட் கொடுத்த எங்கள் லயத்து வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று நல்ல மழை. செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தவர், நான் எடுத்துப் போட்ட ஸ்டூலில் உட்காராமல் அடுப்புப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தார். மடியில் ஒரு நோட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சோஷியல் ஒர்க்கர் என்றார்கள். மலையாளத்துக்காரர். தமிழை எங்களிடமே கற்று எங்களிடமே பேசினார்.

என் மகன் கஞ்சா புகைக்கிறான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷம் நான் வேலையிலிருந்து நிற்க வேண்டியவள். நான் கொழுந்து எடுத்த இடத்தில் அவன் பேர் பதிந்தால்தான் வீடு எங்களுக்கு நிற்கும். அவன் அப்பாவும் இல்லை. கஞ்சாக்காரன் என்ற ஒரு சொல் ஆபீஸ் காதில் விழுந்தால் வேலையும் போகும், கூரையும் போகும்.

மேடம் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்று, "அந்தக் கஞ்சாப் பயலப் போலீசுல புடிச்சுக் குடுங்க மேடம், நாலு சாத்து சாத்துனா புத்தி வரும்" என்றாள். மேடம் சிரித்துக்கொண்டே, "அக்காவோட வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறாரல்லோ, அவரையும் சேர்த்துக் கொண்டுபோகட்டே?" என்று கேட்டார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "அம்மே, நான் அவனைப் பிடிக்க வந்ததில்ல. இது சிலபேருக்கு மனசைப் பிசக வெச்சிடும். முதல்லயே கண்டால் மருந்து உண்டு. அதுக்குத்தான் கேக்குறேன்." சொல்வதெல்லாம் தன் நோட்டோடு நிற்கும், ஆபீசுக்குப் போகாது என்றும் சொன்னார்.

நான் நம்பவில்லை. பேர் எழுதுகிற நோட்டு, கொழுந்து நிறுக்கிற நோட்டு, லீவு நோட்டு என்று நான் பார்த்த நோட்டெல்லாம் சாயங்காலமானால் ஆபீசுக்குப் போனவைதான். இது மட்டும் போகாது என்றால் எப்படி?

வாராவாரம் வந்தார். விட்டாயா என்று கேட்க மாட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல, "இந்த வாரம் எத்தனை தடவை?" என்பார். நான் அவன் பின்னால் நின்று முதுகில் விரலால் குத்துவேன். "ஒண்ணுமில்ல மேடம்" என்பான்.

ஒருநாள், "இல்லாத சத்தம் ஏதும் காதுல கேக்குதா?" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவன் அவன். யாரோ தன் பேரைச் சொல்லித் திட்டுவதாக என்னிடம் அழுதவன். "அதெல்லாம் ஒண்ணுங் கெடையாது மேடம், நல்லாத் தூங்குதான்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

அவன் பேர் பதிந்தது, தேயிலை ஃபேக்டரியில் வேலை கொடுத்தார்கள். மூன்றாம் மாதம், சத்தம் துரத்துகிறது என்று ஃபேக்டரியிலிருந்து காட்டுக்குள் ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்து ஏலக்காட்டில் கண்டுபிடித்தார்கள். ஆம்புலன்சில் மேடமும் எங்களோடு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். "என்ட தப்பு, அம்மே. அவனைத் தனியா விளிச்சுக் கேட்டிருக்கணும். உங்க முன்னால வெச்சுக் கேட்டுட்டேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். வேலை போயிற்று, வீட்டையும் காலி செய்தோம். இப்போது ஏலப்பாறையில் ஒற்றை அறை. மாசத்துக்கு ஒரு ஊசி. சத்தம் குறைந்திருக்கிறது. என் மகனும் குறைந்துதான் போயிருக்கிறான்.

போன வாரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "ஏம்மா, அந்த மேடம் கேக்கும்போது, எனக்குச் சத்தம் கேக்குறது ஒனக்குத் தெரியும்லா?" என்றான்.

ஒரு பொய் வாய்வரைக்கும் வந்து நின்றது.

"தெரியும்யா" என்றேன்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

"நான் அன்னிக்குச் சொல்லலாம்னுதாம்மா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மீதிக் கஞ்சியைக் குடித்தான்.